கடலூரில் ஓய்ந்த அமெரிக்கப் போர்: திறந்த தளங்களும் அவிழாத கட்டுகளும்

புனேயின் வடகிழக்கே, ஆளந்திக்குச் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது விஷ்ராந்த்வாடி. பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும் ஞானேசுவரரின் பல்லக்கு ஆண்டுதோறும் இவ்வழியாகவே புனே நகருக்குள் நுழைகிறது. ஓய்வைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரில் தாங்கிய இவ்வூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் முதுகலை வரலாற்று மாணவர், ஜார்ஜ் வாஷிங்டன் 1781ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றைக் கைப்பேசியிலேயே ஒரு நிமிடத்தில் கண்டெடுத்துப் படித்துவிட முடியும். கட்டணம் இல்லை, அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை. அதே ஆண்டில் புனே அரசவையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் மூலத்தைக் காண விரும்பினால் அவர் பேஷ்வா தஃப்தருக்கு நேரில் செல்ல வேண்டும். அது அவருடைய அறையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் அனுமதி பெற வேண்டும். கட்டுகளை அவிழ்க்க வேண்டும். மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடல் கடந்த ஆவணம் கைக்கெட்டும் தொலைவிலும், அடுத்த தெருவில் உள்ள ஆவணம் எட்டாத் தொலைவிலும் இருக்கும் இந்நிலை வெறும் வசதிக் குறைவு அன்று. எந்த வரலாறு எழுதப்படும், எது எழுதப்படாமல் போகும் என்பதை அது தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் தொடக்ககால வரலாற்றை ஆராய உதவும் இணையத் தளங்களைப் பற்றிப் பேசும்போது இதனையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அமெரிக்க வரலாறு ஒரு தாளாக இடம்பெற்றுள்ளது. 1607இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தொடங்கி, 1776இன் விடுதலைப் பிரகடனம், 1787இன் அரசியலமைப்பு எனச் செல்லும் அப்பாடத்தைப் பெரும்பாலான மாணவர்கள் பாடநூலை மட்டுமே கொண்டு எழுதி முடிக்கின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்பு அதற்குக் காரணம் இருந்தது. மூல ஆவணங்களைக் காண வாஷிங்டனுக்கோ பாஸ்டனுக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று அக்காரணம் இல்லை.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் இணைந்து 2013இல் தொடங்கிய 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தை முதலில் குறிப்பிட வேண்டும். வாஷிங்டன், பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன், அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன் ஆகியோர் எழுதியவையும் அவர்களுக்கு வந்தவையுமாக 1,80,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் உள்ளன; பின்னர் ஜான் ஜேயின் ஆவணங்களும் சேர்க்கப்பட்டன. வெறும் கடித வரிகள் மட்டுமல்ல, பதிப்பாசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய அடிக்குறிப்புகளும் அப்படியே கிடைக்கின்றன. சமூக ஊடகங்களில் ஜெபர்சன் சொன்னதாக வலம்வரும் பொன்மொழிகளில் பல அவர் சொன்னவை அல்ல. அவற்றைச் சரிபார்க்க இத்தளமும், ஜெபர்சனின் இல்லமான மான்டிசெல்லோவின் தளத்தில் உள்ள போலி மேற்கோள்களின் பட்டியலும் போதுமானவை.

உடன்படிக்கைகள், சாசனங்கள், சட்டங்கள் ஆகியவற்றின் முழுப் பாடத்திற்கு யேல் சட்டக் கல்லூரியின் 'அவலான் புராஜெக்ட்' உண்டு. கண்ட மாநாட்டின் நடவடிக்கைக் குறிப்புகள், வாஷிங்டனின் கையெழுத்துப் படிகள், அக்கால நிலப்படங்கள் ஆகியவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படிமங்களாக வைத்திருக்கிறது. 1800ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் அச்சான நூல்கள், துண்டறிக்கைகளுள் ஏறக்குறைய 5,000, 'எவன்ஸ்' தொகுப்பின் வழியாகத் தட்டச்சுப் பாடமாகத் திறந்துவிடப்பட்டுள்ளன. கடற்போர்களைப் பற்றிய ஆவணங்களை அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறை 1964 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டு, அவற்றை இணையத்திலும் இலவசமாக வைத்துள்ளது.

இத்தளங்களின் பட்டியல் மட்டும் ஒருவரை ஆய்வாளராக்கிவிடாது. தேடும் கலை தனியாகப் பயில வேண்டியது. பழைய ஆங்கில அச்சில் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் 'எஸ்' எழுத்து, 'எஃப்' போன்ற வடிவில் இருக்கும். கணினி அதனைத் தவறாகப் படித்துவைத்திருக்கும். சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் பல பக்கங்கள் கிடைக்காமலே போகும். பெயர்களும் அப்படியே. ஐதர் அலியை அக்கால ஆங்கிலேயர் நாலைந்து விதமாக எழுதினர். கடலூர் பிரெஞ்சு ஏடுகளில் 'கோந்தலூர்' ஆகிவிடுகிறது. நாட்களிலும் குழப்பம் உண்டு. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. அதற்கு முந்தைய ஆங்கில ஆவணத்தின் தேதியைப் பிரெஞ்சு ஆவணத்தின் தேதியோடு அப்படியே ஒப்பிடுதல் தவறாகும். மராத்தி ஆவணங்கள் சுஹூர் ஆண்டில் பேசுகின்றன. தமிழ் ஆவணங்கள் அறுபது ஆண்டு வட்டத்தில் பேசுகின்றன. 1783ஆம் ஆண்டின் கோடை தமிழில் சோபகிருது ஆண்டு ஆனி மாதம்.

அந்த ஆனி மாதத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிச் சண்டை நடந்த இடம் அமெரிக்கா அன்று, தமிழ்நாட்டின் கடலூர். அங்கே அமெரிக்கப் படை எதுவும் இருக்கவில்லை. ஆனால் அமெரிக்கர்களுக்காகப் பிரான்சு தொடங்கிய போரின் கடைசிக் குண்டுகள் அங்கேதான் வெடித்தன. அந்தக் கதையின் ஒரு முனை புனேயில் இருக்கிறது.

1775 மார்ச்சில் பம்பாய் ஆங்கிலேயர் ரகுநாத ராவுடன் சூரத்தில் உடன்படிக்கை செய்து, பேஷ்வா பதவிப் போட்டியில் தலையிட்டனர். முதலாம் ஆங்கில மராத்தியப் போர் அவ்வாறு தொடங்கியது. அடுத்த மாதம், ஏப்ரல் 19ஆம் நாள், மாசசூசெட்சின் லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிகள் வெடித்தன. 1776 மார்ச்சில் புரந்தர் உடன்படிக்கை. ஜூலையில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம். இரண்டு போர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கி, ஒரே காலத்தில் முடிந்தன. தொடக்கத்தில் அவற்றுக்கிடையே தொடர்பு இல்லை. தொடர்பை உண்டாக்கியது பிரான்சு.

1777இல் செயின்ட் லூபின் என்னும் பிரெஞ்சுக்காரர் தம்மைப் பிரெஞ்சு மன்னரின் தூதராக அறிமுகப்படுத்திக்கொண்டு புனே வந்துசேர்ந்தார். நானா பட்னவிஸ் அவரை மரியாதையுடன் வரவேற்றார். அவர் தருவதாகச் சொன்ன படையையும் தளவாடங்களையும் நானா எவ்வளவு நம்பினார் என்பது வேறு. ஆங்கிலேயரை அச்சுறுத்த அந்த வரவேற்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. புனேயிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதி மோஸ்டின் பம்பாய்க்குக் கவலையோடு எழுதினார். அக்கவலை கல்கத்தாவை எட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் சரடோகாவில் ஆங்கிலத் தளபதி பர்கோய்ன் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார். 1778 பிப்ரவரி 6ஆம் நாள் பிரான்சும் அமெரிக்காவும் கூட்டணி உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின் முழுப் பாடத்தை இன்று அவலான் தளத்தில் படிக்கலாம்.

மேற்கில் நேர்ந்த இழப்பைக் கிழக்கில் ஈடுகட்டுவது தம் போன்றோரின் கடமை என்னும் கருத்தைத் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் ஆலோசனைக் குழுவில் முன்வைத்தார். கல்பியிலிருந்து ஒரு படை நாட்டின் குறுக்கே மேற்குக் கரை நோக்கி அனுப்பப்பட்டது. பிரான்சுடன் போர் மூண்ட செய்தி 1778 ஜூலையில் கல்கத்தாவுக்கு வந்ததும் சந்திரநாகூர் கைப்பற்றப்பட்டது. பாண்டிச்சேரி முற்றுகையிடப்பட்டு அக்டோபரில் வீழ்ந்தது. 1779 ஜனவரியில் புனேயை நோக்கி வந்த பம்பாய்ப் படை வட்காவ்வில் மராத்தியரிடம் சிக்கி, அவமானமான உடன்பாட்டில் கையெழுத்திட்டுத் திரும்பியது. மார்ச்சில் மாஹேயை ஆங்கிலேயர் பிடித்தது ஐதர் அலிக்குச் சினமூட்டியது. 1780இல் நானா பட்னவிஸ் ஐதரையும் நிஜாமையும் நாகபுரி போன்ஸ்லேயையும் ஆங்கிலேயருக்கு எதிரான ஓரணியில் சேர்க்க முயன்றார். அந்த உடன்பாட்டின் பின்னணியில்தான் ஐதரின் படை ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று அழிக்கப்பட்டது. வடார்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் வயல்கள் எரிந்தன. மக்கள் ஊர்விட்டு ஓடினர். சென்னையில் பஞ்சம் வந்தது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இச்செய்திகள் கேட்கப்பட்டன. அப்போது நெதர்லாந்தில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸ், இந்தியாவில் ஆங்கிலேயர் படும் பாட்டைக் கூர்ந்து கவனித்துவந்தார். அவர் எழுதியவற்றிலும் அவருக்கு வந்தவற்றிலும் ஐதரின் பெயரைக் காணலாம். ஆங்கிலேயர் கிழக்கில் எவ்வளவு திணறினரோ அவ்வளவுக்கு மேற்கில் அமெரிக்காவுக்கு நன்மை. பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க ஆயத்தப்படுத்திய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலியின் பெயரே சூட்டப்பட்டது. 1782 ஏப்ரலில் ஜோஷுவா பார்னியின் தலைமையில் அக்கப்பல், டெலாவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்னும் ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு பாடநூல்கள் போரை முடித்துவிடுகின்றன. போர் முடியவில்லை. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சப்ரான், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் ஆகிய இருவரும் 1782இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை உள்ளிட்ட நான்கு இடங்களில் மோதினர். அவ்வாண்டு மே மாதத்தில் சால்பாய் உடன்படிக்கை மராத்தியப் போரை முடித்தது. டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783 ஜூனில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை, புஸ்சியின் தலைமையில் பிரெஞ்சுப் படை இருந்த கடலூரை முற்றுகையிட்டது. ஜூன் 20ஆம் நாள் சப்ரானும் ஹியூஸும் ஐந்தாம் முறையாகக் கடலூருக்கு எதிரே மோதினர். ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்பாடு ஜனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகியிருந்தது. அச்செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூரை வந்தடைந்தது. முடிந்துபோன ஒரு போருக்காக ஐந்து மாதங்கள் மனிதர் இறந்துகொண்டிருந்தனர். அவர்களில் பெரும் பகுதியினர் இரு தரப்பிலும் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்கள்.

இந்தக் கதையை ஒரு மாணவர் இணையத்தை மட்டும் கொண்டு எழுத முற்பட்டால் என்ன கிடைக்கும்? ஆடம்ஸின் கவலை சொல்லுக்குச் சொல் கிடைக்கும். பிரெஞ்சு நூல்களையும் நினைவுக் குறிப்புகளையும் பிரான்சு தேசிய நூலகத்தின் 'காலிகா' தளம் தரும். ஆங்கிலேயர் எழுதியவற்றுள் அச்சேறிய பகுதிகள் 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் உள்ளன. ஃபாரஸ்ட் 1885இல் பம்பாய்த் தலைமைச் செயலக ஆவணங்களிலிருந்து தொகுத்த மராத்தியத் தொகுதி, அவற்றுள் இக்காலத்திற்கு இன்றியமையாதது. இந்திய தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட பாரசீகக் கடிதங்களின் அட்டவணைத் தொகுதிகளில், இந்திய அரசர்களும் அவர்தம் முகவர்களும் கல்கத்தாவுக்கு எழுதியவற்றின் சுருக்கம் உண்டு. அக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டு மூலப் படிமங்கள் சிலவற்றையும் காணலாம்.

மராத்தித் தரப்பு? சர்தேசாய் 1930களின் தொடக்கத்தில் பேஷ்வா தஃப்தரிலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட 45 தொகுதிகள் உண்டு. அவை பெரும் தொண்டு. எனினும் அவை தேர்வுகளே. அரசியலும் போரும் முதன்மை என்று கருதிய ஒரு காலத்தின் தேர்வுகள். ரூமால் எனப்படும் துணிக் கட்டுகளில் கட்டுக்கட்டாக இருக்கும் வரிக் கணக்குகளும் ஊர் வழக்குகளும் படைச் செலவுக் குறிப்புகளும் தேடுபொறிக்குத் தெரியாதவை. வட்காவ் போருக்குப் புனேயைச் சுற்றிய ஊர்கள் என்ன விலை கொடுத்தன என்பதற்கான விடை அங்கேதான் இருக்க முடியும்.

தமிழ்த் தரப்பு இன்னும் மெலிந்து தோன்றுகிறது; ஆனால் அது இல்லாமல் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பலரும் அறிவர். அது 1761இல் நின்றுவிடுகிறது. அமெரிக்கப் போர்க் காலத்துக்குரிய தமிழ்ச் சாட்சி, பாண்டிச்சேரியில் எழுதப்பட்ட இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு. அது 1778 முதல் 1792 வரை செல்கிறது. முற்றுகை ஆண்டிலேயே தொடங்குகிறது. பிரான்சும் அமெரிக்காவும் பாரிசில் கையெழுத்திட்டதன் விளைவு ஒரு தமிழ் நகரத்தின் மேல் எப்படி இறங்கியது என்பதை அந்நகரத்துத் தமிழர் ஒருவர் தமிழிலேயே எழுதிவைத்தார். அமெரிக்கப் புரட்சியைப் பற்றிய எந்தத் தளத்திலும் அமெரிக்கச் சொற்களைக் கொண்டு தேடினால் அந்நூல் வந்து நிற்காது. அதனைத் தேடத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்த மாணவருக்கு இது ஒரு குறையன்று. வேறு எவருக்கும் எளிதில் வாய்க்காத உரிமை.

மோடி எழுத்தும் தமிழருக்கு முற்றிலும் அயலானது அன்று. தஞ்சை மராட்டிய அரசின் மோடி ஆவணங்கள் தஞ்சாவூரில் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கத்தோடும் குறிப்புரையோடும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. புனேயில் மோடிப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. கட்கியிலும் படைமுகாம் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மராத்தியும் தமிழும் ஆங்கிலமும் வீட்டிலும் தெருவிலுமாகவே வந்துவிடுகின்றன. இம்மூன்றோடு மோடியும் சேர்ந்தால், 1775க்கும் 1783க்கும் இடைப்பட்ட உலகப் போரை மூன்று பக்கத்திலிருந்தும் படிக்கக்கூடிய ஆய்வாளர் ஒருவர் உருவாக முடியும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களிலும் அத்தகையோர் அரியர்.

திறந்த தளங்களில் இருப்பவற்றையும் எதிர்த்திசையிலிருந்து படிக்கலாம். வர்ஜீனியா கெசட் என்னும் செய்தித்தாளின் இதழ்கள் இணையத்தில் உள்ளன. தப்பியோடிய அடிமைகளையும் பணியாட்களையும் பற்றிய அதன் விளம்பரங்களை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் தனியாகவும் தொகுத்துள்ளனர். 1776 ஜூலையில் வெளியான ஒரு விளம்பரம், ஜான் நியூட்டன் என்னும் பணியாள் ஓடிப்போனதை அறிவிக்கிறது. ஏறக்குறைய இருபது வயது; பிறப்பால் ஆசிய இந்தியர்; பத்து ஆண்டுகள் இங்கிலாந்தில் பணிசெய்தவர்; வர்ஜீனியாவுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிலடெல்பியாவில் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், இந்தியர் ஒருவர் தம் விடுதலையைத் தாமே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பிள்ளைப் பருவத்தில் பறிக்கப்பட்ட அவருடைய இந்தியப் பெயர் விளம்பரத்தில் இல்லை. அவரைப் பிடித்துத் தருவோருக்கான அடையாளங்கள் மட்டுமே உள்ளன. பிரகடனத்தையும் இவ்விளம்பரத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்குப் பாடநூல் சொல்லாத ஒன்று புரியும்.

அவலான் தளத்தை நடத்தும் யேல் பல்கலைக்கழகத்தின் பெயரும் அப்படியே. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து அவர் 1718இல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பியதால் கனெக்டிகட் மாநிலக் கல்லூரி ஒன்று அவர் பெயரைப் பெற்றது. அவர் தலைமையிலிருந்த காலத்துக் கோட்டைக் குறிப்பேடுகள் சென்னையில் அச்சிடப்பட்டவை. இன்று இணையத்திலும் படிக்கலாம். அடிமைகளைக் கப்பலேற்றும் ஆணைகளும் அவற்றில் உள்ளன. அடிமை முறையோடு தன் வரலாற்றுக்கு இருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் வருத்தம் தெரிவித்தது. அமெரிக்க உடன்படிக்கைகளைப் படிக்க அத்தளத்தைத் திறக்கும் தமிழ் மாணவர், தம் கடற்கரையில் ஈட்டிய பணத்தால் பெயர்பெற்ற ஒரு வாயிலின் வழியாகவே நுழைகிறார்.

இணையத்தில் இருப்பதெல்லாம் என்றும் இருக்கும் என்பதும் உறுதியன்று. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் அட்டவணையும் எண்மப் படிகளும் பல மாதங்கள் முடங்கின. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்களை நம்பியிருந்த ஆய்வாளர்கள் உலகெங்கும் தவித்தனர். படித்த ஆவணத்தின் இடம், தொகுதி, பக்கம், பார்த்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைப்பதும், முதன்மையானவற்றைத் தரவிறக்கிச் சேமிப்பதும் மாணவர் முதல் நாளிலேயே பழக வேண்டிய ஒழுக்கங்கள்.

கடலூரில் பீரங்கிகள் ஓய்ந்தபின் ஒன்றரை ஆண்டு கழித்து, 1784 டிசம்பரில், பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்ட 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பல் பாண்டிச்சேரிக்கு வந்து நங்கூரமிட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அது. 1794இல் ஜான் ஜே லண்டனில் செய்த உடன்படிக்கையின் 13ஆம் கூறு, இந்தியாவில் ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுகங்களில் அமெரிக்கர் வணிகம் செய்ய வழிவிட்டது. அதே ஆண்டில் சென்னையில் அமெரிக்காவுக்காக ஒரு முகவர் அமர்த்தப்பட்டார். புதிய குடியரசின் கடைசிச் சண்டையும் முதல் இந்திய வணிகமும் நடந்தது ஒரே கடற்கரையில்.

அந்தக் கப்பலைப் பற்றி அமெரிக்கர் எழுதியதை விஷ்ராந்த்வாடி அறையிலிருந்தே தேடத் தொடங்கலாம். அது வந்து நின்ற துறையில் சுமை தூக்கியவர்களையும், துணி விற்றவர்களையும், ஆறாண்டுப் போரின் சாம்பலிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த ஊர்களையும் பற்றி அறிய வேண்டுமானால், கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கட்டுகள் இருக்கும் இடத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். இரண்டையும் செய்பவரே அந்த வரலாற்றை எழுதத் தகுதியுடையவர்.